பதுவைப் பதியர்



ஒரு செவ்வாய்க்கிழமை நவநாள் முடிந்து திருவுடைகளைக் கழற்றிக்கொண்டிருந்தபோது, பீடச் சிறுவன் ஒருவன் வந்து, பதுவை எந்த ஊர் சாமி, வேளாங்கண்ணி போகிற வழியிலா என்று கேட்டான். இத்தாலியில் இருக்கிறது என்றேன். அப்படியானால் அந்தோனியார் இத்தாலிக்காரரா என்றான். இல்லை, போர்த்துக்கல் நாட்டவர் என்றேன். பிறகு ஏன் வாராவாரம் அவரைப் பதுவைப் பதியர் என்று சொல்கிறோம் என்று கேட்டான். அங்கே இறந்ததால் அப்பா என்று சொல்லி அனுப்பிவிட்டேன்.

அந்தப் பதில் எனக்கே போதவில்லை. ஓர் ஊரில் இறந்தவரெல்லாம் அந்த ஊரின் பதியர் ஆகிவிடுவதில்லை. சரியாகச் சொன்னால், அவர் பதுவை மதில்களுக்குள் இறக்கவும் இல்லை. ஊருக்கு வெளியே, வழியில் இறந்தார். பதுவையில் அவர் வாழ்ந்த காலத்தை எல்லாம் சேர்த்துக் கூட்டினாலும் இரண்டு மூன்று ஆண்டுகளுக்கு மேல் போகாது. அதற்குள் அந்த ஊர் எப்படி அவருடைய ஊரானது? லிஸ்பன் நகரத்தார் இன்றைக்கும் அவரை லிஸ்பன் அந்தோனியார் என்றே சொல்லுகிறார்கள். ஆனால் உலகம் அவர்கள் பேச்சைக் கேட்கவில்லை.

எங்கள் பங்கு மாமல்லபுரத்துக் கடற்கரையை ஒட்டியது. கத்தோலிக்கக் குடும்பங்கள் குறைவு. ஆனாலும் செவ்வாய் மாலையில் கெபியைச் சுற்றி நிற்பவர்களில் பாதிப் பேர் நெற்றியில் திருநீறோ குங்குமமோ வைத்தவர்கள். கெபியின் அடியில் ஒரு மன்றாட்டுப் பெட்டி இருக்கிறது. திங்கட்கிழமை செங்கல்பட்டு ஆட்சியர் அலுவலகத்தில் குறைதீர்க்கும் நாளில் மனு கொடுத்துவிட்டு, செவ்வாய்க்கிழமை அதே மனுவின் நகலை இந்தப் பெட்டியில் போட்டவர்களும் உண்டு. சீட்டுகளைப் பெயர் சொல்லாமல் பீடத்தில் ஒப்புக்கொடுப்பேன். படிக்கும்போது எனக்கு ஒன்று புலப்பட்டது. காணாமல் போன பொருளைக் கேட்டு வரும் சீட்டுகள் மிகக் குறைவு. அதிகம் வருவது கடன். படகு எஞ்சினுக்கு வாங்கிய கடன், மகள் திருமணத்துக்கு வைத்த நகை, மகளிர் குழுத் தவணை, தண்டல், யாருக்கோ ஜாமீன் கையெழுத்துப் போட்டு மாட்டிக்கொண்ட கதை.

அந்தோனியாரின் திருவிழா ஜூன் 13. விசைப்படகுகள் கடலுக்குப் போகக்கூடாத 61 நாள் தடைக்காலம் ஏப்ரல் 15-இல் தொடங்கி ஜூன் 14-இல் முடிகிறது. காசிமேட்டு விசைப்படகுகளில் வேலைக்குப் போகும் எங்கள் ஊர்ப் பிள்ளைகள் அந்த இரண்டு மாதமும் வீட்டில்தான் இருப்பார்கள். ஆக, கொடியேற்றி, தேர் இழுத்து, சப்பரத்துக்குப் பூக்கட்டும் அந்த வாரம்தான் பல வீடுகளில் அடுப்பு மிகவும் மெதுவாக எரியும் வாரம். தற்செயலாக அமைந்ததுதான். ஆனால் அந்தோனியாரின் வாழ்க்கையை அறிந்தவர்களுக்கு அது வெறும் தற்செயலாகத் தோன்றாது.

அவர் லிஸ்பனில் 1195-ஆம் ஆண்டு பிறந்ததாகத் திருமரபு சொல்கிறது. வசதியான குடும்பம், வீடு பேராலயத்துக்கு அருகில். திருமுழுக்குப் பெயர் பெர்னாந்து. இளமையிலேயே புனித அகுஸ்தீனாரின் ஒழுங்கைப் பின்பற்றும் துறவியரோடு சேர்ந்தார். லிஸ்பன் மடத்துக்கு நண்பர்கள் அடிக்கடி பார்க்க வந்து தொல்லை கொடுத்ததால், தாமே கேட்டுக்கொண்டு கொயிம்பிரா நகரின் திருச்சிலுவை மடத்துக்கு மாறினார். அங்கே ஏறத்தாழ எட்டு ஆண்டுகள் திருவிவிலியத்தைக் கரைத்துக் குடித்தார். 1220-ஆம் ஆண்டு மொரோக்கோவில் மறைசாட்சியாக இறந்த ஐந்து பிரான்சிஸ்கன் சகோதரர்களின் உடல்கள் கொயிம்பிராவுக்குக் கொண்டுவரப்பட்டன. அதைப் பார்த்த பெர்னாந்து, படித்த மடத்தையும் பெயரையும் விட்டுவிட்டு, ஒலிவத் தோப்பில் குடிசை போட்டு வாழ்ந்த ஏழைச் சகோதரர்களோடு சேர்ந்து அந்தோனி ஆனார்.

தாமும் மொரோக்கோ சென்று மறைசாட்சியாக இறக்கவே விரும்பினார். போனார், காய்ச்சலில் விழுந்தார், ஒருவருக்கும் ஒரு வார்த்தை போதிக்காமல் திரும்பினார். ஊருக்குத் திரும்பிய கப்பலைக் காற்று அடித்துச் சிசிலித் தீவில் ஒதுக்கியது. ஆம், அந்தோனியார் இத்தாலிக்கு வந்ததே காற்றில் ஒதுங்கியதால்தான். கரைக்குத் திரும்ப நினைத்து வேறு கரையில் ஒதுங்கிய படகுகளின் கதை எங்கள் ஊரில் வீட்டுக்கு ஒன்று உண்டு. அதனாலோ என்னவோ, மறையுரையில் இந்தப் பகுதி வந்தால் பின்வரிசை ஆண்களும் நிமிர்ந்து உட்காருவார்கள்.

1221-ஆம் ஆண்டு பெந்தகோஸ்து நாளையொட்டி அசிசியில் சகோதரர்களின் பெருங்கூட்டம் நடந்தது. கூட்டம் கலைந்தபோது, இந்த வெளிநாட்டு இளைஞரை அழைத்துப்போக எந்தத் தலைவருக்கும் தோன்றவில்லை. மொழி வேறு, உடல் நலமில்லை, என்ன தெரியும் என்றும் யாருக்கும் தெரியாது. கடைசியில் ரொமாஞ்ஞா பகுதித் தலைவர் கிராசியானோ, திருப்பலி நிறைவேற்ற ஒரு குரு வேண்டியிருந்ததால், அவரை மோந்தே பவுலோ என்ற மலைத் தனிமடத்துக்கு அழைத்துச் சென்றார். அங்கே அவர் பாத்திரம் கழுவினார், தரை பெருக்கினார், குகையில் செபித்தார். பிறகு ஃபோர்லி நகரில் ஒரு குருப்பட்ட நிகழ்ச்சியில், மறையுரை ஆற்ற யாரும் தயாராக வராத நிலையில், இவரை எழுப்பிப் பேசச் சொன்னார்கள். அன்றுதான் சகோதரர்கள் தங்களுக்குப் பாத்திரம் கழுவிக் கொடுத்தவர் யார் என்று அறிந்தார்கள்.

அதன்பின் அவர் கால்கள் நிற்கவில்லை. ரிமினி கடற்கரையில் மக்கள் கேட்க மறுத்ததால் மீன்கள் தலைதூக்கி அவர் போதனையைக் கேட்டன என்ற மரபுக் கதையை நம் ஊர்ச் சிறுவர்கள்கூடச் சொல்லுவார்கள். அசிசியாரின் இசைவோடு பொலோஞ்ஞாவில் சகோதரர்களுக்கு இறையியல் கற்பித்தார். ஐரோப்பாவின் மிகப் பழைய பல்கலைக்கழகம் உள்ள நகரம் அது. ஏறக்குறைய ஐந்நூறு ஆண்டுகளுக்குப் பிறகு அதே ஊரில் படித்துவிட்டுத்தான் நம் வீரமாமுனிவர் கப்பல் ஏறினார். அவர் நம் ஊர்க்காரர் ஆன கதையைத் தனியே எழுத வேண்டும். பொலோஞ்ஞாவுக்குப் பின் அந்தோனியார் தென் பிரான்சு சென்றார், மீண்டும் இத்தாலி வந்து வடபகுதி முழுவதற்கும் சபைத் தலைவராக இருந்தார். 1230-இல் அந்தப் பொறுப்பிலிருந்து விடுபட்டதும் அவர் தங்கத் தேர்ந்துகொண்ட இடம் பதுவை. மரியன்னை பெயரிலான ஒரு சிறு ஆலயமும் மடமும் அங்கே சகோதரர்களுக்கு இருந்தன.

பதுவை அப்போது எப்படி இருந்தது? அதன் பல்கலைக்கழகத்துக்கு வயது எட்டு. 1222-இல் பொலோஞ்ஞாவை விட்டுப் பிரிந்து வந்த ஆசிரியர்களும் மாணவர்களும் தொடங்கியது அது. அந்தக் காலத்துப் பல்கலைக்கழகம் என்றால் நாம் நினைக்கும் கட்டடமும் மைதானமும் கிடையாது. ஆசிரியர்கள் வாடகை வீட்டில் பாடம் நடத்துவார்கள். பல நாட்டு மாணவர்கள் அடுத்த தெருவில் அறை எடுத்துத் தங்குவார்கள். புத்தகம் தோலில் கையால் எழுதப்பட்டது என்பதால் பெரும் விலை. அப்படிப்பட்ட நகரங்களில் மாணவர்கள் புத்தகத்தை அடகு வைத்துச் சாப்பிடுவது வழக்கமாக இருந்தது. வணிகமும் பெருகியது. 1218-இல் தொடங்கிய நீதி மாளிகை எழும்பிக்கொண்டிருந்தது. கூடவே வட்டித் தொழிலும் வளர்ந்தது. கடனைக் கட்ட முடியாதவன் சிறைக்குப் போனான். சிறைக்குள் இருப்பவனால் சம்பாதிக்க முடியாது, சம்பாதிக்காதவனால் கடனைக் கட்ட முடியாது. ஆகவே அவன் அங்கேயே கிடந்தான்.

நானும் ஒருமுறை உரோமைத் திருப்பயணக் குழு ஒன்றோடு பதுவை போயிருக்கிறேன். பேராலயத்தில் கல்லறையைத் தொட்டோம், அழியாத நாவைப் பார்த்தோம், மெழுகுதிரி வாங்கினோம், இரண்டு மணி நேரத்தில் பேருந்து கிளம்ப வேண்டும் என்றார்கள். எனக்கு ஊரைப் பார்க்க ஆசை. வழிகாட்டியிடம் கெஞ்சி ஒரு மணி நேரம் கூடுதலாக வாங்கிக்கொண்டு நடந்தேன். தெருவின் இருபுறமும் வளைவுத் தூண்கள் தாங்கிய நடைபாதை, மழையிலும் நனையாமல் ஊரைச் சுற்றலாம். நீதி மாளிகையின் அடியில் இன்றும் காய்கறிக் கடை, இறைச்சிக் கடை. பட்டம் பெற்ற ஒரு மாணவியை லாரல் இலை மாலையைத் தலையில் சூட்டித் தோழிகள் கேலிப் பாட்டுப் பாடி இழுத்துப்போனார்கள். கலிலேயோ 18 ஆண்டுகள் கற்பித்த பல்கலைக்கழகம் அது. 1678-இல் எலெனா கொர்னாரோ என்ற பெண்ணுக்கு முனைவர் பட்டம் கொடுத்து உலகுக்கு வழிகாட்டியதும் அதுதான். எல்லாம் பார்த்தேன், ஒரு காப்பியும் உள்ளூர்க்காரரைப்போல நின்றுகொண்டே குடித்தேன். ஆனாலும் பேருந்தில் ஏறியபோது நான் வெளியூர்க்காரன்தான். ஓர் ஊரில் யார் யாருக்குக் கடன்பட்டிருக்கிறார்கள், யார் யாருக்குப் பயந்து எந்தத் தெருவைச் சுற்றிப் போகிறார்கள் என்று தெரியாதவரை, அந்த ஊர் நமக்குத் தெரிந்ததாக ஆகாது. எனக்கு என் பங்கே அப்படித் தெரிய ஆறு ஆண்டுகள் ஆயிற்று.

அந்தோனியாருக்கு அது வேகமாகத் தெரிந்தது. ஏனென்றால் அவர் உட்கார்ந்த இடம் அப்படி. 1231-ஆம் ஆண்டுத் தவக்காலத்தில் அவர் ஒவ்வொரு நாளும் மறையுரை ஆற்றினார். தவக்காலம் முழுவதும் நாள்தோறும் மறையுரை என்பது அன்று புதிய பழக்கம். ஆலயங்கள் கொள்ளாமல் கூட்டம் திறந்தவெளிக்கு மாறியது. அவருடைய முதல் வரலாற்றை எழுதிய, பெயர் தெரியாத துறவி, 30,000 பேர் வரை கூடினார்கள் என்கிறார். கடைக்காரர்கள் மறையுரை முடியும்வரை கடை திறக்கவில்லை என்றும், அவருடைய அங்கியில் ஒரு துண்டு வெட்டிக்கொள்ளப் பெண்கள் கத்தரிக்கோலோடு வந்ததால் வாட்டசாட்டமான இளைஞர்களைக் காவலுக்கு வைத்தார்கள் என்றும் எழுதுகிறார். மறையுரைக்குப் பின் ஒப்புரவு அருட்சாதனம். குருக்கள் போதவில்லை. சூரியன் மறையும்வரை உண்ணாமல் உட்கார்ந்து கேட்பார்.

நம் சுரூபங்களில் அவர் மெலிந்த, அழகான இளைஞர். உண்மையில் அவர் கனத்த உடம்புக்காரர், நீர்க்கோவை நோயால் அவதிப்பட்டவர். அந்த உடம்போடு, மாலைவரை, ஒருவர் பின் ஒருவராக ஊரின் பாவங்களைக் கேட்டார். அங்கேதான் கடன் கொடுத்தவனும் வந்து மண்டியிட்டான், கடன் வாங்கியவனும் வந்து மண்டியிட்டான். ஊரை அறிய அதைவிட நல்ல இடம் உண்டா? பகைவர்கள் கைகோத்தார்கள், அடகு பிடித்த வீடும் நிலமும் திரும்பின, வட்டியாகப் பிடுங்கிய பணம் அவர் காலடியில் வைக்கப்பட்டு உரியவர்களுக்குப் போனது என்று அதே துறவி எழுதுகிறார்.

இத்தோடு நின்றிருந்தால் நல்ல தியானம் கொடுத்த சாமியார் என்று ஊர் சொல்லியிருக்கும். அவர் அடுத்து நகர ஆட்சியிடம் போனார். திருந்தியவன் திருப்பிக் கொடுப்பான், திருந்தாதவனிடம் மாட்டியவன் என்ன செய்வான் என்று அவர் எண்ணியிருக்க வேண்டும். உயிர்ப்புப் பெருவிழாவுக்குச் சில நாள்களே இருந்த 1231 மார்ச் மாதத்தில், நகரத் தலைவர் ஸ்தேஃபனோ பதோயேர் ஒரு சட்டத்தைப் பிறப்பித்தார். கடனைக் கட்ட இயலாதவர் தம் உடைமைகளை ஒப்படைத்துவிட்டால், அவரையோ அவருக்கு ஜாமீன் நின்றவரையோ கடனுக்காகச் சிறையில் வைக்கக்கூடாது என்பது அதன் சாரம். சகோதரர் அந்தோனியின் வேண்டுகோளின் பேரில் இயற்றப்பட்டது என்று அந்தச் சட்டத்திலேயே எழுதியிருக்கிறது.

அன்பார்ந்தவர்களே, இதை எட்டு நூற்றாண்டுகளுக்கு முந்திய ஐரோப்பியக் கதை என்று ஒதுக்கிவிட வேண்டாம். நேர்மையாக இருந்தும் கட்ட வழியில்லாத கடனாளியைச் சிறையில் அடைப்பது நம் அரசியல் சட்டத்துக்கு ஒவ்வாது என்று இந்திய உச்ச நீதிமன்றம் ஜாலி ஜார்ஜ் வர்கீஸ் வழக்கில் தீர்ப்பளித்தது 1980-இல்தான். எழுதியவர் நீதிபதி கிருஷ்ண ஐயர். தமிழ்நாட்டில் கந்துவட்டித் தடைச் சட்டம் வந்தது 2003-இல். பதுவைக்கும் நமக்கும் இடைவெளி 749 ஆண்டுகள், 772 ஆண்டுகள். சட்டம் வந்த பின்னும் வெறும் காசோலையில் கையெழுத்து வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள் என்பதை நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

பதுவையிலும் எல்லாம் சரியாகிவிடவில்லை. நீதி மாளிகையின் மேல்தளப் பெருமண்டபத்தில் இன்றும் ஒரு கருங்கல் இருக்கிறது. அதற்கு அவமானக் கல் என்று பெயர். அந்தோனியாருக்குப் பின்வந்த விதிப்படி, சிறை தப்பிய கடனாளி, உள்ளாடையோடு அந்தக் கல்லில் ஊரார் முன்பு மூன்றுமுறை உட்கார்ந்தெழுந்து, தன் உடைமைகளைத் துறப்பதாகச் சொல்லி ஊரைவிட்டுப் போக வேண்டும். சிறையை எடுத்துவிட முடிந்தது. வெட்கத்தை எடுக்க ஊருக்கு மனம் வரவில்லை. வட்டித் தொழிலும் நின்றுவிடவில்லை. எழுபது ஆண்டுகள் கழித்து, வட்டியால் பெயர்போன ஸ்க்ரோவேஞ்ஞி குடும்பத்து மகன் கட்டிய சிற்றாலயத்தில்தான் ஜொத்தோ தம் புகழ்பெற்ற ஓவியங்களைத் தீட்டினார்.

அந்தோனியார் கொண்டுபோன மனுக்கள் எல்லாம் நிறைவேறியதாகவும் எண்ண வேண்டாம். அதே 1231-ஆம் ஆண்டு அவர் வெரோனாவுக்குப் போனார். எட்செலினோ என்ற கொடுங்கோலன் சிறைப்பிடித்து வைத்திருந்த ஒரு பிரபுவையும் அவரைச் சேர்ந்தவர்களையும் விடுவிக்கக் கெஞ்சினார். அவன் இசையவில்லை. வெறுங்கையோடு திரும்பினார். இதைப் பதிந்து வைத்தவர் ரொலாந்தினோ என்ற பதுவைக்காரர், பிற்காலத்தில் அதே பல்கலைக்கழகத்தில் ஆசிரியர். கோடி அற்புதரின் ஒரு மன்றாட்டு தள்ளப்பட்ட கதையை நவநாளில் சொல்லலாமா என்று தயங்கினேன். சொன்னபோது மக்கள் மிகவும் அமைதியாகக் கேட்டார்கள்.

மே மாத இறுதியில் உடல் முற்றிலும் தளர்ந்தது. பதுவைக்கு வடக்கே கம்போசம்பியேரோ என்ற இடத்தில், தீசோ என்ற பிரபு, ஒரு பெரிய அக்ரூட் மரத்தின் கிளைகளுக்கிடையே அவருக்குச் சிறு அறை கட்டிக்கொடுத்தார். ஜூன் 13, வெள்ளிக்கிழமை, நண்பகல் உணவுக்கு இறங்கி வந்தவர் பந்தியிலேயே சரிந்தார். என்னைப் பதுவைக்குக் கொண்டுபோங்கள் என்று கேட்டுக்கொண்டார். லிஸ்பனையும் கேட்கவில்லை, அசிசியையும் கேட்கவில்லை. மாட்டுவண்டியில் ஏற்றினார்கள். வெயிலில் ஏறத்தாழ 20 கிலோமீட்டர். மதிலை நெருங்குகையில் நிலைமை மோசமாக, கூட்டத்துக்குள் கொண்டுபோக வேண்டாம் என்று ஆர்செல்லாவில் ஏழைப் பெண் துறவியரின் மடத்தருகே இருந்த சகோதரர்களின் இல்லத்தில் இறக்கினார்கள். அங்கே உயிர் பிரிந்தது. திருமரபுக் கணக்குப்படி வயது 36.

பின்பு நடந்ததைக் கேட்டால் நம் ஊர்த் திருவிழாத் தகராறு நினைவுக்கு வரும். இங்கே இறந்தார், இங்கேதான் அடக்கம் என்று ஆர்செல்லா பக்கத்துப் பாலத்துத் தெரு மக்கள் ஆயுதத்தோடு காவல் நின்றார்கள். அவர் வாழ்ந்த மரியன்னை ஆலயத்துக்குத்தான் கொண்டுபோக வேண்டும் என்று சகோதரர்கள் வாதிட்டார்கள். ஆயரும் நகரத் தலைவரும் தலையிட்டார்கள். உடலைக் கொண்டுபோக ஆற்றில் படகுகளைச் சேர்த்துப் பாலம் போட்டார்கள். எதிர்த்தவர்கள் அதை உடைத்தார்கள். நாலு நாள் ஊரே இரண்டுபட்டது. கடைசியில் ஜூன் 17 அன்று பெரும் பவனியாக மரியன்னை ஆலயத்துக்குக் கொண்டுவந்து அடக்கம் செய்தார்கள். அன்று செவ்வாய்க்கிழமை. நாம் செவ்வாய்தோறும் கெபியின் முன் நிற்பது அந்த நாளின் நினைவாகத்தான். அடுத்த நாள்களில் பல்கலை மாணவர்களும் பெரிய பெரிய மெழுகுதிரிகளோடு வெறுங்காலில் பவனி வந்தார்கள். ஓராண்டுகூட முடியவில்லை; 1232 மே 30 அன்று திருத்தந்தை ஒன்பதாம் கிரகோரி அவரைப் புனிதர் என்று அறிவித்தார். இன்று பதுவை மக்கள் அவருடைய பெயரைக்கூடச் சொல்வதில்லை. புனிதர் என்றாலே அவர்தான். அந்த ஆலயத்துக்கும் அதுவே பெயர்.

இதையெல்லாம் ஒரு நவநாளின் ஒன்பது நாளும் எங்கள் பங்கில் சொன்னேன். சொல்லும்போது எனக்குள் ஓர் உறுத்தல் இருந்தது. எங்கள் ஊரில் வட்டிக்கு விடும் ஒருவர் உண்டு. பக்தியுள்ளவர், நவநாளைத் தவறவிடாதவர். முந்திய ஆண்டுவரை தேருக்குப் பூ அலங்காரம் அவர் செலவு. நானும் மறுப்பேதுமின்றி வாங்கிக்கொண்டிருந்தேன். அவரிடம் கடன்பட்ட ஒரு தாய், அவர் முன்வரிசையில் உட்கார்கிறார் என்பதற்காகவே ஆலயத்துக்குள் வருவதை நிறுத்தி மாதக்கணக்காகியிருந்தது. செவ்வாய் தோறும் பேத்தியிடம் சீட்டைக் கொடுத்துப் பெட்டியில் போடச் சொல்லிவிட்டு, அவர் சாலைக்கு அந்தப் பக்கம் படகு நிழலில் நின்று சாமி கும்பிடுவார். அவமானக் கல்லைப் பற்றிப் பேசிய அன்று எனக்கு அந்தப் படகுதான் கண்ணில் நின்றது.

நவநாள் முடிந்த மறுநாள் அவர் பங்கு இல்லத்துக்கு வந்தார். நீண்டநேரம் உட்கார்ந்திருந்தார். அந்த ஆண்டுப் பூ அலங்காரத்துக்குப் பணம் கொண்டுவந்திருந்தார். நான் வாங்கவில்லை, ஏன் என்று அவரும் கேட்கவில்லை. சில வாரம் கழித்து ஒரு வீட்டுக்கு அடகுச் சங்கிலி திரும்பிப் போனதாகக் கேள்விப்பட்டேன். இன்னும் எத்தனை புரோநோட்டுகள் அவர் பீரோவில் இருக்கின்றன என்று தெரியாது. அந்த ஆண்டு தேருக்குக் காகிதப் பூதான். படகு நிழலில் நின்ற தாய் தேர்பவனி அன்று கெபிவரை வந்தார், ஆலயத்துக்குள் இன்னும் வரவில்லை.